அந்த ரயில் எங்கிருந்து வருகிறது? – தொடர்கதை வாசகர்களுக்குப் பதில்கள்

நான் எழுதிய தொடர்கதை முடிந்து மூன்று வாரம் ஆகிறது. பத்திரிகை ஆசிரியர் ஒரு மஞ்சள் பை நிறையக் கடிதங்களை அனுப்பி, “நீங்களே பதில் எழுதிவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். 31 வருடம் தபால் ஆபீஸில் அடுத்தவர் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். என் பெயருக்கு வந்ததைப் பிரிக்க இரண்டு நாள் கூச்சமாக இருந்தது.

தொடரைப் படிக்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம்: கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, திருப்பத்தூர் போகும் பக்கம், மாந்தோப்புக்குள் ஒரு வீடு. வருஷா வருஷம் ஆனி மாதம், பெங்களூரா மாங்காய் இறக்கும் வாரத்தில் ஒரு ராத்திரி, வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ரயில் வந்து நிற்கும். ஒரே ஒருவர் இறங்குவார். ரயில் போய்விடும். இறங்கினவரை அந்த வீட்டு அவ்வா, அதாவது பாட்டி, உள்ளே கூப்பிட்டுக் களி போடுவாள். அப்புறம் அவர் அந்த வீட்டு ஆள். 24 வாரமும் இவ்வளவுதான் நடந்தது.

பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கிருஷ்ணகிரியில் ஏதம்மா ரயில்? நான் ஓசூர் போகும்போதெல்லாம் பஸ்ஸில்தான் அந்த ஊரைத் தாண்டுகிறேன். ரயிலே இல்லாத ஊரில் ரயில் விட்டதுதான் உங்கள் மாயமா?
– சென்னை வாசகர்

இன்றைக்கு இல்லை, உண்மைதான். மாவட்டத் தலைநகரம், ஆனால் டவுனுக்கு ஒரு ரயில் நிலையம் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் ஒரு குறும்பாதை போட்டார்கள். தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடிதான் இடைவெளி. அதே அகலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இன்னொன்று வந்தது, அது பிற்பாடு ஓசூர் வரை நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தைப் பார்த்த பூமி இது. இனி ஒரு பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுவர வழி வேண்டும் என்ற எண்ணமும் இந்தப் பாதைகளுக்குப் பின்னால் இருந்தது. கிருஷ்ணகிரிப் பாதையை 1936இல் மூடினார்கள். மற்றதையும் 1941இல் பிடுங்கிவிட்டார்கள்.

என் அவ்வா சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் திருப்பத்தூர் போயிருக்கிறாள். மேட்டில் ஏறும்போது இறங்கி நாவல்பழம் பொறுக்கிக்கொண்டு, ஓடிப்போய் மறுபடியும் ஏறிக்கொள்ளலாம் என்பாள். அவள் பேச்சில் உப்பு எப்போதும் கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் மழை ராத்திரியில் பாயில் எழுந்து உட்கார்ந்து, “வண்டி சத்தம் கேக்குதாடி?” என்று என்னைக் கேட்பாள் பாருங்கள், அதில் நடிப்பு கிடையாது. நான் பிறப்பதற்கு 26 வருஷம் முன்னால் நின்றுபோன வண்டி. “கேக்குது அவ்வா” என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவேன். கேட்டதா இல்லையா என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நாவல் அந்த “கேக்குது”வில் ஆரம்பித்ததுதான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் உங்கள் தொடரைப் படித்துவிட்டு, “இது கோஸி மேஜிக்கல் ரியலிசம்மா” என்கிறாள். அப்படியென்றால் என்ன?
– ஓசூர் வாசகி

முதலில் போனில் கேட்டபோது எனக்குக் கோசு பொரியல் என்று காதில் விழுந்தது. கோஸி என்றால் இதமானது, போர்த்திக்கொண்டு படிக்கிற மாதிரி. யாரும் உலகத்தைக் காப்பாற்றக் கிளம்ப மாட்டார்கள். மாங்காய் பழுக்கும் முன்னால் மண்டிக்குப் போய்ச் சேர வேண்டும், புதிதாக வந்தவருக்குப் படுக்க ஒரு பாய் வேண்டும். கவலைகள் அந்த அளவில்தான்.

மேஜிக்கல் ரியலிசத்தைத் தமிழில் மாய யதார்த்தம் என்கிறோம். 1925இல் ஃப்ரான்ஸ் ரோ என்ற ஜெர்மன் கலை விமர்சகர் ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது பயன்படுத்திய பெயர் அது. அப்புறம் ஸ்பானிஷ் மொழிக்குப் போய், லத்தீன் அமெரிக்க நாவல்களோடு ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றியது. பெயர்தான் வெளியூர்ச் சரக்கு. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும்போது அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பீர்களே! காலையில் பால் சொசைட்டியில் வரிசையில் நின்று பால் ஊற்றிய ஆள், கிரீடம் வைத்துக்கொண்டு தபசு மரத்தில் ஏறுகிறார். அவருக்கு மளிகைக் கடையில் பாக்கி இருப்பது ஊருக்கே தெரியும். கடைக்காரரும் கீழேதான் நிற்கிறார். மேலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் விழுந்தால் அவரும் துண்டை விரித்துப் பிடிக்கிறார். பாக்கியும் அப்படியே இருக்கும், அர்ச்சுனனும் அர்ச்சுனன்தான். இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மாயம், யதார்த்தம் என்று இரண்டு பாத்திரம் தேவைப்படவில்லை.

12ஆம் அத்தியாயத்தில் ஐப்பசியில் மாமரம் பூத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நான்கு ஏக்கர் தோப்பு. மார்கழி, தையில்தான் பூ எடுக்கும். மாய ரயில் வரும் தோப்பு என்பதால் இப்படியா?
– போச்சம்பள்ளி விவசாயி

இல்லை ஐயா, தப்புதான். மாயம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் இந்த மாதிரிக் கதையில் அந்தச் சலுகையே கிடையாது. 1936இல் நின்ற ரயிலை நம்புங்கள் என்று உங்களிடம் கேட்கிறேன். அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் நான் சரியாகச் சொல்லியாக வேண்டும். பூ எந்த மாதம், மண்டியில் காயை எப்படிக் கழிப்பார்கள், இறக்கும்போது காம்புப் பால் கையில் பட்டால் எப்படிப் புண்ணாகும், எல்லாம். பூவில் பொய் சொன்னவள் ரயிலைப் பற்றிச் சொன்னால் யார் கேட்பார்கள்? புத்தகமாக வரும்போது ஐப்பசியைத் தையாக்கிவிடுகிறேன். அந்த அத்தியாயத்தில் மழை பெய்கிறது, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

எழுபது வயசு அவ்வா, ரயிலில் இறங்கிய ஒன்பது வயசுப் பையனை “அண்ணே” என்று கூப்பிடுவதைப் படித்து வீட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஏன் அப்படி வைத்தீர்கள்?
– காவேரிப்பட்டணம் வாசகி

கணக்குப் போட்டுப் பாருங்கள். பையன் வந்து இறங்கும் வருஷம் 1994. பையன் ரயில் ஏறியது 1931, அப்போது அவனுக்கு ஒன்பது வயது. அவ்வாவைவிட இரண்டு வயசு பெரியவன். அப்படியானால் அண்ணன்தானே? பேரப்பிள்ளைகளுக்குச் சின்ன தாத்தா. “சின்ன தாத்தா பம்பரம் குடுக்க மாட்டேங்குது” என்று பேத்தி அழுவது எழுத எழுத எனக்கே சிரிப்பு வந்தது.

நம் பக்கத்தில் இது பெரிய அதிசயமும் இல்லை. என்னைவிட நான்கு வயசு சின்னவரான சித்தப்பா எனக்கு ஒருவர் உண்டு. என் கல்யாணத்தில் அவர் காலிலும் விழுந்தேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே அட்சதை போட்டார். வயசு ஒரு பக்கம், முறை ஒரு பக்கம். முறைதான் ஜெயிக்கும்.

நாவல் எழுதும்போது எனக்குத் தெரிந்த ஒரே வழியும் அதுதான். இறங்கினவர் யார், ஏன் வந்தார், எத்தனை நாள் இருப்பார் என்றெல்லாம் அவ்வா கேட்பதில்லை. விடிவதற்குள் அவருக்கு ஒரு முறை கண்டுபிடித்துவிடுவாள். முதல் வருஷம் வந்த கிழவர் மாமா. அடுத்த வருஷம் வந்த ஊமைப் பெண் நாத்தனார். நாத்தனார் என்று வந்தபிறகு அவள் கோபித்துக்கொள்ளலாம், சமையலில் குறை சொல்லலாம், பண்டிகைக்குப் புடவை எதிர்பார்க்கலாம். விருந்தாளிக்கு இதில் ஒன்றும் கிடையாது. விருந்தாளி மூன்றாம் நாள் கிளம்பிவிட வேண்டும்.

ஏன் ‘பாட்டி’ என்று எழுதாமல் ‘அவ்வா’?
– மதுரை வாசகர்

எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டோம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் பேரம் பேசும் ஊர். அதியமான் கையால் நெல்லிக்கனி வாங்கிய ஔவையும் எங்கள் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டால் சந்தோஷமாக இருக்கிறது.

இறங்குகிறவர்கள் எல்லாரும் இறந்துபோனவர்களா? அப்படியானால் இதைப் பேய்க்கதை என்று சொல்லாமல் ஏன் குடும்பக் கதை என்கிறீர்கள்?
– தருமபுரி தமிழாசிரியை

டீச்சர், உங்கள் ஊரிலேயே பதில் இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்களே, ஒரு தடவை வெயிலில் போய், நிழலுக்காக உள்ளே நுழைந்து, அரை நாள் நின்றுவிட்டேன். அப்போதுதான் புறநானூறு 232 நினைவுக்கு வந்தது. நீங்கள் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். அதியமான் இறந்ததும் ஔவையார் பாடியது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, ஒரு சின்னக் கலத்தில் கள் வார்க்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், இதை வாங்கிக்கொள்வானா என்று கேட்கிறாள். எனக்கு அதில் பெரிய விஷயமாகத் தெரிவது அந்தச் சின்னக் கலம். ஆள் இல்லை என்று தெரிந்தும் அவன் பங்கை ஊற்றுகிறார்கள்.

இறந்தவர்களா என்று கேட்டால், அவ்வா வீட்டில் அந்தக் கேள்வி எழவில்லை. சாப்பிடுகிறார்கள், தோப்புக்கு வருகிறார்கள், ஒருவருக்குச் சளி பிடித்துக் கஷாயம்கூட வைத்தார்கள். அது போதாதா?

16ஆம் அத்தியாயத்தில் ஊமைப் பெண்ணுக்கு ஒரு இன்லண்டு கடிதம் வருகிறது. அவளுக்கு இந்த உலகத்தில் யாரும் இல்லை என்றீர்கள். எழுதியது யார்? கடைசி வரை சொல்லவே இல்லையே!
– ஊத்தங்கரை வாசகர்

இருபது பேராவது இதைக் கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். அவ்வா சொல்லச் சொல்லப் பேத்தி எழுதியது. முகவரியில் ‘கிருஸ்னகிரி’ என்று இருந்ததைக் கவனித்தீர்களா? 3ஆம் அத்தியாயத்தில் வீட்டுப்பாட நோட்டிலும் அவள் அப்படித்தான் எழுதி அடி வாங்கினாள்.

இது என் தபால் ஆபீஸ் வாழ்க்கையிலிருந்து வந்தது. கல்குவாரிக்கும் செங்கல் சூளைக்கும் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சொந்த முகவரி இருக்காது. கடிதத்தில் ‘மே/பா’ என்று போட்டு, டீக்கடை பெயர் இருக்கும். மேற்பார்வை என்பதன் சுருக்கம். எங்கள் லைனில் ஒரு டீக்கடைக்காரர் அப்படி வந்த கடிதங்களை பிஸ்கட் பாட்டிலுக்கு அடியில் வைத்திருப்பார். எண்ணெய் பிசுக்கு ஏறி, உள்ளே எழுதியிருப்பது வெளியே தெரியும். ஆள் கிடைக்காத கடிதத்தை ஏழு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. அவர் வருஷக் கணக்கில் வைத்திருப்பார். “வருவான் மேடம், போன தையிலயும் வந்தானே” என்பார்.

தன் பெயருக்கு ஒரு கடிதம் வந்து, அதில் ‘மே/பா’ என்று இந்த வீடு இருந்தால், தபால்காரர் அடுத்த தடவை அவளை யார் என்று கேட்க மாட்டார். அவ்வாவுக்கு அந்த அளவுக்கு விவரம் தெரியும். கடிதத்துக்குள் என்ன இருந்தது என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். ‘நலம். நலமறிய ஆவல்.’ அப்புறம் மாங்காய் விலை.

எனக்குக் கல்யாணமாகி பாலக்கோடு வந்து எட்டு மாதம் ஆகிறது. சொந்த ஊர் தஞ்சாவூர். உங்கள் அவ்வா களி கிண்டுவதைப் படிக்க நன்றாக இருக்கிறது. நான் கிண்டினால் கட்டி கட்டியாக வருகிறது. மாமியார் ஒன்றும் சொல்வதில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.
– பாலக்கோடு வாசகி

முதலில் நொய்யைக் குழைய வேகவிடு அம்மா. அது தளதளவென்று கொதிக்கும்போது கேழ்வரகு மாவை நடுவில் மலை மாதிரிக் குவித்துக் கொட்டு. இங்கேதான் எல்லாரும் தப்பு செய்வது: உடனே கிளறிவிடுவார்கள். கிளறாதே. துடுப்புக் காம்பால் நடுவில் ஒரு குழி மட்டும் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு, வேறு வேலை பார். குழி வழியாகக் கொதி வந்து மாவு தானாக வேகும். பச்சை வாசம் போனதும் பாத்திரத்தை இறக்கித் தரையில் வைத்து, சாக்கைச் சுற்றி இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு, பாத்திரத்து ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்டு. தோள் வலிக்க வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். உருட்டும்போது தண்ணீர் தொட்டுக்கொள்.

சாப்பிடும்போது மெல்லாதே. சாற்றில் தோய்த்து முழுங்க வேண்டும். தஞ்சாவூர்க்காரர்கள் மென்று பார்த்துவிட்டுத்தான் களியைத் திட்டுகிறார்கள்.

உன் மாமியார் இரண்டாவது உருண்டை கேட்கிறாரா என்று மட்டும் பார். கதையில் அவ்வா, இறங்குகிற எல்லாரிடமும் முதலில் கேட்பது அதைத்தானே, “எத்தனை உருண்டை?”

மன்னிக்க வேண்டும். 24 வாரமும் ரசித்துப் படித்தேன், ஆனால் நம்ப முடியவில்லை. நம் ஊரில் ராத்திரி வாசலில் நிற்கிறவனிடம் “எத்தனை உருண்டை” என்றா கேட்பார்கள்? “நீங்க என்ன ஆளுங்க” என்றுதான் கேட்பார்கள். அதைச் சர்க்கரை தடவி மறைத்துவிட்டீர்கள்.
– அரூர் வாசகர்

உங்கள் கடிதத்தைப் பையின் அடியில் போட்டுவிட்டு, மற்றதெல்லாம் எழுதி முடித்தபிறகு மறுபடி எடுத்தேன்.

நாவலில் வரும் அவ்வாவும் என் அவ்வாவும் ஒருத்தி இல்லை. எனக்கு ஒன்பது வயது இருக்கும். நல்ல மழை. குவாரி வேலைக்குப் போகிற ஒரு குடும்பம், புருஷன், பெண்டாட்டி, என் வயசில் ஒரு பெண், எங்கள் வாசலில் வந்து ஒதுங்கினார்கள். என் அவ்வா கேட்டது நீங்கள் சொன்ன கேள்வியைத்தான். அவர்கள் சொன்னார்கள். மாட்டுக் கொட்டகையில் இடம் கிடைத்தது. களியும் கிடைத்தது, குறை வைக்கவில்லை. கொட்டகை எரவாணத்தில் ஒரு அலுமினிய டம்ளர் செருகியிருக்கும், விளிம்பு நசுங்கினது. தோப்பு வேலைக்கு வருகிற சிலருக்கு மட்டும் உள்ள டம்ளர். அந்தப் பெண் அதைக் கையில் பிடித்துக்கொண்டாள், நான் சொம்பிலிருந்து ஊற்றினேன். “ஏன் அவ்ளோ மேல இருந்து ஊத்தற?” என்று கேட்டாள். தண்ணீர் தெறித்து அவள் பாவாடை நனைந்திருந்தது. எனக்கு எப்படி ஊற்றச் சொல்லிக் கொடுத்தார்களோ அப்படி ஊற்றினேன், அவ்வளவுதான். பதில் சொல்லவில்லை. விடிந்து பார்த்தபோது போய்விட்டிருந்தார்கள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

7ஆம் அத்தியாயத்தைத் திரும்பப் படித்தால் அந்த டம்ளர் இருக்கும். மருமகள் அதை எரவாணத்திலிருந்து எடுப்பாள். அவ்வா வாங்கி, அடுப்படிக்குக் கொண்டுபோய், மற்ற டம்ளர்களோடு போட்டுவிடுவாள். எல்லாமே நசுங்கின அலுமினியம். எது எது என்று அப்புறம் யாராலும் சொல்ல முடியாது. மூன்று வரிதான் எழுதினேன். ரயில் வருவதற்கு மூன்று பக்கம் எழுதினேன்.

நீங்கள் சொல்வது சரி. இந்தக் கதையில் நம்புவதற்குக் கஷ்டமான இடம் ரயில் என்று நினைத்து, விசில் சத்தம், கரி வாசம், சிக்னல் விளக்கு என்று அதற்கே பாடுபட்டிருக்கிறேன். கஷ்டமான இடம் அந்த டம்ளர். புத்தகத்தில் அதற்கு முழு அத்தியாயம் கொடுக்கப் போகிறேன். அந்தப் பெண் கேட்ட கேள்வியையும் போடுகிறேன். இதம் கொஞ்சம் குறையும், குறையட்டும். தொடரைப் போர்வைக்குள் படித்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ரயிலில் ஒருவர் மட்டும்தான் ஏன் இறங்குகிறார்?
– கோயம்புத்தூர் வாசகர்

வீட்டில் பாய் அவ்வளவுதான் இருந்தது.

நான் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அந்த ரயில் வருமா? நாங்கள் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பின்னால் இடம் இல்லை, தண்ணி டேங்க்தான் இருக்கிறது.
– கிருஷ்ணகிரி

வரும் கண்ணு. இரண்டரை அடி இருந்தால் போதும், டேங்குக்கும் சுவருக்கும் நடுவில் அளந்து பார். இறங்கினவரைப் படிக்கட்டில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடு, டம்ளரைக் கையில் கொடு. கீழ்வீட்டுக்காரர் வந்து யார் என்று கேட்டால், “எங்க பெரியப்பா” என்று சொல்லிவிடு. வந்தது ஒன்பது வயசுப் பையனாக இருந்தாலும் அப்படியே சொல். வாடகையைக் கூட்ட மாட்டார் என்று மட்டும் என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.